யாருடைய பாக்கி?

2015 பொங்கலுக்கு ஒரு வாரம் இருக்கும்போது, செம்பரம்பாக்கத்தில் எங்கள் வீட்டுக்குப் பின்னால் குடியிருந்த ஒரு பெண்ணை நாங்கள் காலி செய்ய வைத்தோம். அவருக்கு மூன்றாம் வகுப்பு படிக்கிற ஒரு மகள். புருஷன் இல்லை. செத்துப்போகவில்லை, இல்லை, அவ்வளவுதான். வேலை போய் மூன்று மாதம் ஆகியிருந்தது. ‘நாங்கள்’ என்றால் அம்மாவும் நானும். போகச் சொன்னது அம்மா. கணக்கு எழுதியது நான்.

நம்மை வெளியேற்றியவர்களைப் பற்றித்தான் நாம் எழுதி வருகிறோம். குளத்திலிருந்து, கோயிலிலிருந்து, டீக்கடை பெஞ்சிலிருந்து, பஞ்சமி நிலத்திலிருந்து. எழுதித் தீரவில்லை, இன்னும் எழுதத்தான் வேண்டும். ஆனால் பட்டா கைக்கு வந்து, அதன்மேல் நாலு சுவர் எழுப்பி, அந்தச் சுவருக்குள் இன்னொருத்தரைக் குடிவைத்து, பிறகு அவரை வெளியே போ என்று சொல்கிற இடத்தில் நாமே நிற்கும்போது நம் கையில் இருப்பது யாருடைய அறம்? ஆண்டையிடம் கற்றதா, பட்ட பாட்டில் கற்றதா? பத்து வருஷத்துக்கு மேலாக இந்தக் கேள்வியை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். நழுவிக்கொண்டிருந்தேன் என்று சொல்வதுதான் சரி.

முதலில் வீட்டைச் சொல்லிவிடுகிறேன். எங்கள் காலனி மனைகள் ஆதிதிராவிடர் நலத் துறை கொடுத்தவை. பட்டா அம்மா பேரில். நான் ஐந்தாவது படிக்கும்போது அப்பா இறந்துபோனார். லாரியில் லோடு ஏற்றுகிற வேலை, குடி, மஞ்சள் காமாலை. அதற்குப் பிறகு அம்மாவும் தனி ஆள்தான். இதை மறந்துவிட்டு மேலே படிக்காதீர்கள். ஒரு தனித் தாய் இன்னொரு தனித் தாயை வெளியே அனுப்பிய கதை இது.

இருங்காட்டுக்கோட்டையில் 1998இல் ஹூண்டாய் கார் வெளியே வந்தது. 2006இல் ஸ்ரீபெரும்புதூர் சிப்காட்டில் நோக்கியா செல்போன் செய்ய ஆரம்பித்தது. பிறகு ஒரகடம், சுங்குவார்சத்திரம், வல்லம் என்று நெல் விளைந்த நிலமும் மாடு மேய்ந்த நிலமும் கேட்டும் காம்பவுண்டுமாக மாறின. மூன்று ஷிப்டுக்கும் கம்பெனி பஸ் ஹைரோட்டில் வந்து நின்று ஆள் ஏற்றிப் போகும். தென் மாவட்டங்களிலிருந்து பெட்டியோடு வந்து இறங்குகிறவர்களுக்குத் தங்க இடம் வேண்டும். ஊர்த்தெருவில் நிலம் வைத்திருந்தவர்கள் மாடி மாடியாகக் கட்டினார்கள். காலனியில் முடிந்தவர்கள் முடிந்த அளவுக்குக் கட்டினோம். அம்மா மகளிர் குழுவில் கடன் வாங்கி, அது போதாமல் வாரத் தவணைக் கடனும் வாங்கி, பின்னால் இரண்டு அறை போட்டாள். ஆஸ்பெஸ்டாஸ் ஷீட்டு. பொதுக் கக்கூஸ், பொதுக் குழாய், தனித்தனி சப்-மீட்டர். அட்வான்ஸ் 10,000, வாடகை 2,200. ஒரு அறையின் வாடகை வாரத் தவணைக்கு. இன்னொரு அறையின் வாடகை என் படிப்புக்கு.

ஊர்த்தெருவில் வீடு கேட்டுப் போனால் முதல் கேள்வி, “நீங்க என்ன ஆளுங்க?” பெண் தனியாகப் போனால் இரண்டாவது கேள்வி, “வூட்டுக்காரர் இன்னா பண்றாரு?” அந்த அக்கா இரண்டையும் பார்த்துவிட்டுத்தான் எங்களிடம் வந்தார். திண்டுக்கல் பக்கத்து ஆள். பின்னொரு நாள் சிரித்துக்கொண்டே சொன்னார்: “மொதக் கேள்விக்குப் பொய் சொல்லித் தப்பிச்சுக்கலாம் தம்பி. ரெண்டாவதுக்குப் பொய் சொன்னா சாயந்தரம் எவனாச்சும் ஒருத்தன் வீட்டுக்கு வந்தாகணுமே, அவனுக்கு நான் எங்க போறது?”

காலனியில் கேட்க மாட்டார்கள் என்று நினைத்து வந்திருந்தார். நாங்களும் கேட்டோம். அருந்ததியர் என்றார். அம்மா ஒரு நிமிஷம் பேசவில்லை. பிறகு, “சரி, அட்வான்ஸ எட்த்தாந்துடு” என்றாள். அந்த ஒரு நிமிஷத்தை எழுதக் கூசுகிறது. எழுதாமல் விட்டால் இந்தக் கட்டுரையே பொய். குழாயடியில் பக்கத்து வீட்டுப் பெரியம்மா, அந்த அக்கா தண்ணீர் பிடித்துப் போன பிறகு குழாய் வாயைக் கழுவிவிட்டுக் குடம் வைத்ததையும் நான் பார்த்திருக்கிறேன். அந்தப் பெரியம்மா வீட்டுச் சுவரில் அம்பேத்கர் படம் உண்டு. எங்கள் வீட்டிலும் உண்டு.

2014ஐ இந்தப் பக்கத்தில் யாரும் மறக்க மாட்டார்கள். நோக்கியா ஆலையில் ஒரு காலத்தில் 8,000 பேர் நேரடி வேலையில் இருந்தார்கள். எல்லாம் சின்ன வயசு, பெண்கள் ஏராளம். கம்பெனி தன் செல்போன் தொழிலை மைக்ரோசாஃப்டுக்கு விற்றது. வரி வழக்கில் மாட்டியிருந்ததால் இந்த ஆலை அந்த விற்பனையில் சேரவில்லை. 2014 ஏப்ரல், மே மாதங்களில் 5,000 பேருக்கு மேல் ‘விருப்ப ஓய்வு’ வாங்கிக்கொண்டு போனார்கள். இருபத்தி நாலு வயசில் ஓய்வு, அதுவும் விருப்பப்பட்டு! இந்த வார்த்தையைக் கண்டுபிடித்தவனுக்கு ஒரு சிலை வைக்கலாம். மீதிப் பேரோடு நவம்பர் 1ஆம் தேதி ஆலை மூடப்பட்டது. அதற்குச் சாமான் செய்து கொடுத்த ஃபாக்ஸ்கான் ஆலையும் அடுத்த சில மாதங்களில் மூடியது.

எங்கள் வீட்டு அக்கா அந்த 8,000இல் இல்லை. அவர் வேலை செய்தது வேறொரு சின்னக் கம்பெனியில், அதுவும் காண்ட்ராக்டில். அந்த வருஷம் வேலை போனது பெரிய கேட்டுக்குள் மட்டும் அல்ல. அவருக்கு நோட்டீஸ் இல்லை, விருப்ப ஓய்வு இல்லை, செட்டில்மெண்ட் இல்லை. “ஆர்டர் இல்லம்மா, கூப்பிட்றப்போ வா” என்று சூப்பர்வைசர் சொன்னதோடு சரி. அக்டோபர் முழுக்கக் கூப்பிடுவார்கள் என்று போனைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு படுத்திருந்தார். பேப்பரில் வந்த எந்த எண்ணிக்கையிலும் அவர் கிடையாது. எண்ணப்படாமல் போவது நமக்குப் பழகிப்போனதுதான். வேலையில் இருக்கும்போது எண்ணுகிறார்கள், வேலையை எடுக்கும்போது எண்ணுவதில்லை.

நான் அப்போது கல்லூரியில் இரண்டாம் வருஷம். நோக்கியா தொழிலாளர்களுக்காகச் சென்னையில் நடந்த ஒரு கூட்டத்துக்குத் தோழர்களோடு போயிருந்தேன். பன்னாட்டு மூலதனம், உழைப்புச் சுரண்டல், தெருவில் வீசப்பட்ட பெண்கள் என்றெல்லாம் பேசினார்கள். நானும் தொண்டை கட்டக் கோஷம் போட்டேன். ராத்திரி பஸ் பிடித்து வீட்டுக்கு வந்தேன். அம்மா நோட்டை எடுத்து முன்னால் வைத்தாள். “பின்னூட்டுக் கணக்கப் பாருடா, எவ்ளோ நிக்குது?” அம்மாவுக்கு எழுதத் தெரியாது. எண்களை மனசில் வைத்துக்கொள்வாள், எழுதுவது நான். எழுதினேன். கூட்டத்தில் கைதட்டிய அதே கை.

அம்மா கெட்டவள் இல்லை. அந்தப் பிள்ளைக்குக் காய்ச்சல் கண்டபோது பூந்தமல்லி ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடியது அம்மாதான். அக்கா நைட் ஷிப்டு போன நாட்களில் அந்தப் பிள்ளை எங்கள் வீட்டில்தான் தூங்கும். முதல் மாதம் வாடகை வராதபோது அம்மா வாய் திறக்கவில்லை. இரண்டாவது மாதம் இட்லி மாவு ஆட்டி விற்கலாமே என்று யோசனை சொன்னாள். மூன்றாவது மாதம் வாரத் தவணைக்காரி வந்து திண்ணையில் உட்கார்ந்துகொண்டாள். அந்தக் கடனில் பத்துப் பெண்களுக்குப் பத்துப் பெண்கள் ஜாமீன். ஒருத்தி கட்டாவிட்டால் மற்றவர்களையும் போக விட மாட்டார்கள். “இன்னாடா பண்ணச் சொல்ற என்ன? வந்து குந்திக்கினு கீறா. பத்துப் பேரு முன்னால மானம் போவுது. அவளுக்கும் பொட்டப் புள்ள கீது, எனக்கும் நீ கீற.” இதற்கு என்னிடம் பதில் இல்லை. என் கல்லூரிக் கட்டணமும் அந்த நோட்டில்தான் இருந்தது.

அக்கா கெஞ்சவில்லை. “தை முடியட்டும்க்கா, எப்படியும் ஒரு எடத்துல சேந்துருவேன்” என்று மட்டும் சொன்னார். நடுவில் தாலுகா ஆபீசுக்கும் போய்வந்தார். கணவனால் கைவிடப்பட்டோர் உதவித்தொகை என்று ஒன்று உண்டு, அன்றைக்கு மாதம் 1,000 ரூபாய். கோர்ட்டில் பிரிந்ததற்குக் காகிதம் வேண்டும், இல்லாவிட்டால் கைவிடப்பட்டு ஐந்து வருஷம் ஆகியிருக்க வேண்டும். அவரைக் கைவிட்டு மூன்று வருஷம்தான் ஆகியிருந்தது. “இன்னும் ரெண்டு வருசம் நல்லாக் கைவிடப்படணும்” என்று வந்து சொன்னார். அரசாங்கத்தின் அந்தச் சொல்லைப் பாருங்கள். ஒருத்தன் ஓடிப்போனான் என்பது அதில் இல்லை. ஒருத்தி தனியாக நின்று பிள்ளை வளர்க்கிறாள் என்பதும் இல்லை. அவள் கைவிடப்பட்டவள், செயப்பாட்டு வினை. இன்று பேசப்படுவது வேறு மாதிரி. சுங்குவார்சத்திரம் ஃபாக்ஸ்கான் ஆலையில் திருமணமான பெண்களை வேலைக்கு எடுப்பதில்லை என்று 2024 ஜூனில் ராய்ட்டர்ஸ் செய்தி வெளியிட்டது. கம்பெனி மறுத்தது. மத்திய தொழிலாளர் அமைச்சகம் மாநில அரசிடம் அறிக்கை கேட்டது. நான் அந்தச் செய்தியைப் படித்தபோது எங்கள் வீட்டு அக்கா எந்தக் கட்டத்தில் டிக் அடிப்பார் என்றுதான் யோசித்தேன். மணமானவரா, மணமாகாதவரா? வாடகைக்கு வீடு கேட்கும்போது புருஷன் வேண்டும், வேலை கேட்கும்போது புருஷன் இருக்கக் கூடாது.

இப்போது அந்தக் கணக்குக்கு வருகிறேன். நோட்டில் உள்ளபடியே சொல்கிறேன். அக்டோபர், நவம்பர், டிசம்பர் வாடகை 6,600. கரண்ட் 640. வெள்ளையடிக்க 1,000. ஆக மொத்தம் 8,240. அட்வான்ஸ் 10,000இல் கழித்தது போக 1,760 கொடுக்கப்பட்டது. கீழே ‘காலி’ என்று எழுதி இரண்டு கோடு போட்டிருக்கிறேன்.

பல வருஷம் கழித்து, ஏதோ காகிதம் தேடும்போது இந்தப் பக்கம் கண்ணில் பட்டது. அப்போதுதான் உறைத்தது. அவர் எங்களுக்கு ஒரு ரூபாய்கூடத் தர வேண்டியதில்லை. போகிற அன்றைக்கு நாங்கள்தான் அவருக்குப் பணம் கொடுத்திருக்கிறோம். தெருவில் எல்லோரும் ‘வாடகை பாக்கி வெச்சவ’ என்று பேசினார்கள், அம்மாவும் அப்படித்தான் நினைத்தாள், நானும். யாருடைய பணம் யாரிடம் இருந்தது? அவருடைய பத்தாயிரம் எங்கள் கூரை ஷீட்டாக மேலே நின்றுகொண்டிருந்தது. அந்தக் கூரையின் கீழிருந்துதான் அவரை அனுப்பினோம். திருப்பிக் கொடுத்த 1,760கூட அடுத்து குடி வந்தவர்களின் அட்வான்ஸிலிருந்து எடுத்தது.

வரிசை வீட்டுக்காரர்கள் எல்லோருக்கும் இந்தச் சூட்சுமம் தெரியும். அட்வான்ஸ் கழிவதற்குள் காலி பண்ண வேண்டும். கழிந்துபோன பிறகு ஆளைக் கிளப்புவது கஷ்டம். அதாவது, கடன் ஏற்படுவதற்கு முன்னாலேயே தண்டனை. அவர் மேல் இருந்த குற்றம் பாக்கி இல்லை, இனிமேல் பாக்கி வைப்பார் என்கிற கணிப்பு. அந்தக் கணிப்புக்கு ஆதாரம் அவருக்கு வேலை இல்லை என்பது ஒன்றே. உதவி செய்ய அண்ணன் தம்பி, புருஷன், நிலம், நகை எதுவும் இல்லாதவர் என்பதால் அந்தக் கணிப்பு உறுதியானது. எதுவும் இல்லாதவர் என்பதாலேயே இருந்த ஒன்றையும் எடுத்துக்கொண்டோம். வேலையில் இருக்கிற ஒரு குடும்பம் மூன்று மாதம் பாக்கி வைத்திருந்தால் அம்மா பொறுத்திருப்பாள். வேறு வீட்டில் பொறுத்தும் இருக்கிறாள்.

இந்த இடத்தில் ஆயா ஞாபகத்துக்கு வருகிறாள், அம்மாவைப் பெற்றவள். ஏரித் தண்ணீர் பாயும் வயலில் படியாளாக இருந்த குடும்பம். ஒரு வருஷம் தாத்தா அந்த ஆண்டை வயலுக்குப் போக மாட்டேன் என்று சொல்லிவிட்டார். பூந்தமல்லியில் செங்கல் சூளையில் கூலி கூடக் கிடைத்ததாம். மறுநாள் ஆண்டை வீட்டு ஆட்கள் வந்து கூரையைப் பிரித்துச் சட்டி பானையைத் தெருவில் வைத்துவிட்டார்கள். “குட்சை போட்ட மண்ணு அவங்களுதாம். வேலைக்கு வராதவனுக்கு மண்ணு எதுக்குன்னான்.” கூரை பிரித்த கதையை ஆயா எங்களிடம் நூறு தடவை சொல்லியிருக்கிறாள். அதைக் கேட்டு வளர்ந்தவள்தான் அம்மா.

இது எங்கள் குடும்பக் கதை மட்டும் அல்ல, இந்த ஜில்லாவின் கதை. செங்கல்பட்டு ஜில்லா கலெக்டராக இருந்த திரமென்ஹீர் 1891இல் பறையர்களின் நிலை பற்றி அரசாங்கத்துக்கு ஓர் அறிக்கை கொடுத்தார். பஞ்சமி நிலம் பற்றிப் பேசும்போதெல்லாம் அந்த அறிக்கையை நாம் சொல்கிறோம். அதை ஒட்டித்தான் 1892இல் தரிசு நிலங்களை ஒடுக்கப்பட்டோருக்குக் கொடுக்கிற உத்தரவு வந்தது. சுமார் 12 லட்சம் ஏக்கர் என்று சொல்லப்படுகிற நிலம். அதை மீட்கத்தான் 1994 அக்டோபர் 10 அன்று இதே செங்கல்பட்டு ஜில்லாவில், காரணைப் போராட்டத்தில், போலீஸ் துப்பாக்கிக்கு ஜான் தாமசும் ஏழுமலையும் பலியானார்கள். ஆனால் அந்த அறிக்கையில் விளைநிலத்தைவிட எனக்கு முக்கியமாகப் படுவது குடியிருப்பு மனை. சேரி மண் மிராசுதாரின் பிடியில் இருந்தது. வேலையை மறுத்தால், கூலி கூடக் கேட்டால், மதம் மாறினால், வேறு இடத்துக்குப் பிழைக்கப் போனால், அவன் கையில் எப்போதும் ஒரே ஆயுதம்: வீட்டைக் காலி பண்ணு. அடிக்க வேண்டியதுகூட இல்லை. படுக்கிற இடம் அவனுடையது என்பதே போதும். மனையை அவர்கள் பேருக்கே கொடுத்துவிட வேண்டும் என்று அந்த வெள்ளைக்காரக் கலெக்டர் சொன்னார். தரிசு நிலம் கொடுக்கத் துணிந்த அரசாங்கம் மனை விஷயத்தில் பின்வாங்கியது. மிராசுதார்களுக்கு எது வலிக்கும் என்று அரசாங்கத்துக்குத் தெரிந்திருந்தது.

சுதந்திரத்துக்குப் பிறகு 1961இல் குடியிருப்புப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. விவசாயக் கூலி இருக்கிற மனையிலிருந்து அவரைக் கிளப்பக் கூடாது. 1971இல் அந்த மனையை அவருக்கே சொந்தமாக்குகிற சட்டம் வந்தது. இந்தச் சட்டங்கள் எவ்வளவு தூரம் நடந்தன என்பது வேறு பேச்சு. ஆனால் அவற்றுக்குள் ஒரு பெரிய தத்துவம் இருக்கிறது. வேலை வேறு, இருப்பிடம் வேறு. ஒருத்தன் உனக்கு உழைக்கவில்லை என்பதற்காக அவன் உலகத்தில் நிற்கிற இடத்தை நீ பிடுங்க முடியாது. மனுஷன் ஒரு இடத்தில் இருப்பதற்கு வாங்குகிற கூலி நிபந்தனை ஆகாது.

வயலுக்கு ஒப்புக்கொண்ட இந்தத் தத்துவத்தை ஆலை வந்ததும் நாம் கைவிட்டுவிட்டோம். 2024 ஆகஸ்டில் வல்லம் வடகால் சிப்காட்டில் ஃபாக்ஸ்கான் பெண் தொழிலாளர்களுக்காக 706.50 கோடி ரூபாயில் கட்டிய விடுதியை முதலமைச்சர் திறந்துவைத்தார். 18,720 படுக்கைகள். அது வேண்டாத காரியம் என்று சொல்ல மாட்டேன். 2021 டிசம்பரில் விடுதிச் சாப்பாட்டில் விஷம் ஏறி நூற்றுக்கு மேற்பட்ட பெண்கள் ஆஸ்பத்திரியில் கிடந்ததையும், அந்தப் பெண்கள் ராத்திரியில் பெங்களூர் ஹைரோட்டை மறித்து உட்கார்ந்ததையும் பார்த்தவர்கள் நாங்கள். நல்ல படுக்கை, நல்ல கக்கூஸ், நல்ல சோறு கிடைத்தால் சந்தோஷம்தான். ஆனால் அது வேலை இருக்கிற வரைக்குமான படுக்கை. வேலை போகிற அன்றைக்குப் படுக்கையும் போகும். படுக்கை என்பது ஒரு ஆள் படுக்கிற இடம். பக்கத்தில் ஒரு மூன்றாம் வகுப்புப் பிள்ளையைப் படுக்க வைக்க அதில் இடம் ஏது? சேரி மண்ணுக்கும் இந்தக் கட்டிலுக்கும் எவ்வளவோ தூரம். கயிறு மட்டும் ஒரே கயிறு.

எங்கள் பின்னூட்டு அறையையும் அந்தக் கயிற்றில்தான் நாங்கள் கட்டினோம். தோழர்களிடம் இதைச் சொன்னபோது இரண்டு விதமான பதில் கிடைத்தது. ஒருத்தர், “உங்கம்மாவும் பாதிக்கப்பட்டவங்கதான் தோழர், அமைப்புதான் குற்றவாளி” என்றார். இன்னொருத்தர், “சொத்து வந்தா இப்படித்தான், உங்கம்மா குட்டி நிலவுடைமை ஆயிட்டாங்க” என்றார். முதல் ஆள் அம்மாவை விடுதலை செய்கிறார், இரண்டாவது ஆள் தள்ளிவைக்கிறார். இரண்டு பேருமே அம்மாவை யோசிக்கத் தெரிந்த ஒரு மனுஷியாக நடத்தவில்லை. நம்மைப் பற்றி ஆராய்ச்சி செய்கிறவர்களிடமும் இதைப் பார்த்திருக்கிறேன். தலித் என்றால் ஒன்று பலிகடா, இல்லாவிட்டால் துரோகி. சரியும் தப்பும் கலந்து முடிவெடுக்கிற உரிமை நமக்கு இல்லை போலிருக்கிறது. தப்பு செய்தவள் என்று ஒருத்தரைச் சொல்வது, அவளால் வேறு மாதிரியும் செய்திருக்க முடியும் என்று ஒப்புக்கொள்வதுதானே. அம்மாவை நான் அப்படி மதிக்கிறேன். என்னையும்.

அம்பேத்கரின் பரோடா அனுபவம் இந்தப் பத்திரிகை படிக்கிற எல்லோருக்கும் தெரியும். அமெரிக்காவிலும் லண்டனிலும் படித்துவிட்டு 1917இல் பரோடா சமஸ்தானத்தில் வேலைக்குச் சேர்கிறார். தங்க இடம் இல்லை. ஒரு பார்சி விடுதியில் பார்சிப் பெயர் சொல்லித் தங்குகிறார். பதினோராம் நாள் காலையில் தடியோடு ஒரு கூட்டம் வந்து அறையை மறிக்கிறது. சாயந்தரத்துக்குள் காலி செய்ய வேண்டும். சிநேகிதர்கள் இரண்டு பேரைக் கேட்கிறார், ஒருத்தர் இந்து, ஒருத்தர் கிறிஸ்தவர், இரண்டு பேரும் கைவிரிக்கிறார்கள். ஒரு பொதுத் தோட்டத்தில் உட்கார்ந்திருந்துவிட்டு, ராத்திரி ரயில் ஏறி பம்பாய்க்குத் திரும்புகிறார். வேலையும் போயிற்று. வேலை போனதால் வீடு போனவர்கள் நாங்கள் சொன்ன கதையில். அவருக்கு வீடு போனதால் வேலை போனது. இரண்டும் ஒரே கயிற்றின் இரண்டு முனை.

அந்தப் பகுதியை எத்தனை தடவை படித்திருப்பேன்! ஒவ்வொரு தடவையும் அந்த அறைக்குள் அவரோடு நான் இருந்தேன். தடியோடு வந்தவர்கள் யாரோ. அந்த நோட்டுப் பக்கத்தைப் பார்த்த பிறகு படித்தபோது முதல் தடவையாக அறைக்கு வெளியில், படிக்கட்டில் நின்றேன். கையில் தடி இல்லை, பால்பாயிண்ட் பேனா. விடுதிக்காரனைப் பற்றியும் அப்போதுதான் யோசித்தேன். ஆள் வராத விடுதி, வருமானம் வேண்டும், அதனால் பொய்ப் பெயரில் இடம் கொடுத்தான். ஆபத்து வந்தபோது அவனால் காப்பாற்ற முடியவில்லை. அம்மா அவன்தான். நானோ, கைவிரித்த அந்தச் சிநேகிதன். தீண்டாமையில் நம்பிக்கை இல்லாத, நன்றாகப் பேசுகிற, வீட்டில் சிரமம் இருக்கிற சிநேகிதன்.

சட்டம் என்ன சொல்கிறது என்று கேட்பார்கள். பம்பாய் நடைபாதை மக்கள் வழக்கில், ஓல்கா டெல்லிஸ் வழக்கு என்பார்கள், 1985இல் உச்ச நீதிமன்றம் ஒரு பெரிய விஷயத்தைச் சொன்னது. வாழ்வதற்கான உரிமைக்குள் பிழைப்புக்கான உரிமையும் இருக்கிறது, குடியிருக்கிற இடத்தைப் பிடுங்கினால் பிழைப்பும் போகும் என்று ஒப்புக்கொண்டது. ஒப்புக்கொண்டுவிட்டு, முறையாக அவகாசம் கொடுத்து அப்புறப்படுத்தலாம் என்றும் சொன்னது. எதிர்த் திசையில் யாரும் கேட்கவில்லை. பிழைப்பு போனால் இடமும் போகலாமா? 2019 பிப்ரவரியில் தமிழ்நாட்டில் புது வாடகைச் சட்டம் நடைமுறைக்கு வந்தது. எழுத்தில் ஒப்பந்தம், பதிவு என்றெல்லாம் இருக்கிறது. எங்கள் தெருவில் இன்னமும் நோட்டுதான் ஒப்பந்தம்.

அக்கா போகும்போது சைதாப்பேட்டைப் பக்கம், ஆற்றோரம், சித்தி வீடு இருக்கிறது என்றார். பாதிப் படிப்பில் பிள்ளைக்கு டிசி வாங்கினார். அந்த வருஷம் டிசம்பர் 1ஆம் தேதி செம்பரம்பாக்கம் ஏரியிலிருந்து விநாடிக்கு 29,000 கன அடி வரைக்கும் தண்ணீர் திறந்துவிட்டார்கள். கரையில் நின்று பார்த்தவர்களில் நானும் ஒருத்தன். எங்கள் ஏரித் தண்ணீர் அடையாற்றில் விழுந்து சைதாப்பேட்டை வழியாகத்தான் கடலுக்குப் போகிறது. ஆற்றோரத்து மக்களின் வீடுகள் போயின, பிறகு ஆக்கிரமிப்பு என்று சொல்லி அவர்களைப் பெரும்பாக்கத்துக்கு ஏற்றிப் போனார்கள். அக்காவின் நம்பருக்கு அடித்தேன். அந்த எண் உபயோகத்தில் இல்லை.

2020இல் ஊரடங்கு வந்தபோது எங்கள் இரண்டு அறையிலும் ஒடிசாப் பையன்கள் இருந்தார்கள். மார்ச் 29ஆம் தேதி மத்திய உள்துறை ஓர் உத்தரவு போட்டது. வேலையாட்களிடம் ஒரு மாதம் வாடகை கேட்கக் கூடாது, காலி செய்யச் சொல்லக் கூடாது. அம்மாவுக்கு அந்த உத்தரவு தெரியாது. ஆனாலும் இரண்டு மாதம் கேட்கவில்லை. ஏன் என்றேன். “ஊருக்கே வேல இல்ல, அவனுங்கள மட்டும் எப்பிடிடா கேக்கறது?” என்றாள். ஊருக்கே வேலை போனால் அது காலக்கேடு. ஒருத்திக்கு மட்டும் வேலை போனால் அது அவள் பாடு. இதை நான் சொன்னதும் அம்மா யாரைச் சொல்கிறேன் என்று உடனே புரிந்துகொண்டாள். கொஞ்ச நேரம் கழித்து, “இப்ப தவணைக்காரி வரலியேடா” என்றாள். அதுவும் உண்மை. அந்த மாதங்களில் கடன் தவணையைத் தள்ளிவைக்கலாம் என்று ரிசர்வ் வங்கி அனுமதித்திருந்தது. திண்ணை காலியாக இருந்ததால் அம்மாவால் நல்லவளாக இருக்க முடிந்தது. 2014லும் திண்ணை காலியாக இருந்திருந்தால்? இருந்திருக்கலாம். அந்த ஒரு நிமிஷத்து மௌனமும் குழாயடியும் ஞாபகத்துக்கு வருவதால் என்னால் உறுதியாகச் சொல்ல முடியவில்லை.

நோட்டு இன்னும் இருக்கிறது. வெள்ளையடிக்க 1,000 என்று கழித்தோம் அல்லவா, அந்த வருஷம் நாங்கள் வெள்ளையடிக்கவே இல்லை. அடுத்த ஆட்கள் மறுநாளே குடி வந்துவிட்டார்கள். சுவரில் அந்தப் பிள்ளை பென்சிலால் எழுதிவைத்திருந்த ஆறாம் வாய்ப்பாடு ரொம்ப நாள் அப்படியே இருந்தது.